எல்லாம் பார்டர்தான்

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கூட வைத்திருந்த போட்டோவில் உன்னையும் பார்த்தேன், கை கால் காலேஜில் இருந்த மாதிரியே குச்சியாக, வயிறு மட்டும் சட்டைப் பட்டனோடு மல்லுக்கு நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் என் கதையை எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வருஷமாக என் ரிப்போர்ட்டில் எல்லாமே 'பார்டர்'. வெறும் வயிற்றில் சர்க்கரை 108, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 190, நல்ல கொலஸ்ட்ரால் 37, பிரஷர் 138/86. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, பெரிசா ஒண்ணுமில்லை என்று நானே ஃபைலை மூடிவிடுவேன். இந்தத் தடவை டாக்டரம்மா டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார், 97 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90 வந்தாலே கணக்கில் எடுக்கிறார்கள், பெண்களுக்கு 80. இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிற கூட்டுக் கோளாறு, எனக்கு ஐந்தும். 1988-ல் ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தபோது உடல் பருமனைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை, குண்டாக இல்லாதவர்களுக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும் என்பதால். ஆகவே 'நான்தான் ஒல்லியாச்சே' என்று பதில் எழுதாதே.

அப்புறம் ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு டெஸ்ட். படுக்க வைத்து, கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பிடித்து, இரண்டு துடிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். ஊசியே கிடையாது. ஓடுவது ரத்தம் இல்லை, குழாய்ச் சுவரோடு போகும் அலை. குழாய் இளக்கமாக இருந்தால் துடிப்பை வாங்கி விரிந்துகொடுக்கும், அலை மெதுவாகப் போகும். விறைத்துப்போனால் இரும்புப் பைப்பைத் தட்டின மாதிரி சட்டென்று ஓடிவிடும். எனக்கு நொடிக்கு 11 மீட்டர். வேகம் என்றதும் ஏதோ பாஸான மாதிரி சிரித்தேன், 10-ஐத் தாண்டக் கூடாதாம். கீழே போய் முட்டித் திரும்புகிற அலையும் சீக்கிரமே வந்துவிடுகிறது, இதயம் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து நிற்பதால் மேல் பிரஷர் இன்னும் ஏறுகிறது.

ரத்தத்தில் சிஆர்பி பார்த்தார்கள், உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கிற அழற்சியைக் காட்டுவது. 6 என்று வந்து இரண்டு ராத்திரி தூக்கமில்லை. அந்த வாரம் சளிக்காய்ச்சல் இருந்ததை நான் சொல்லவே இல்லை, முட்டாள். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் 2.8. அதுவும் 1-க்குள் இருந்தால்தான் நல்லது. அடிப்போனெக்டின் என்று இன்னொன்று, உடம்புக் கொழுப்பே சுரந்து ரத்தக்குழாயைக் காப்பாற்றுகிற ஹார்மோன், ஆனால் தொப்பை கூடக்கூட அது குறைகிறது! இங்கே சாதாரண லேபில் எடுப்பதில்லை, நானும் விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் நடை, உப்பு பாதி, பிரஷர் மாத்திரை. போன வாரம் அலை வேகம் 9.8. வீட்டில் பாயசம் வைத்தார்கள், நல்ல கூத்து. ஆனால் பிரஷர் இறங்கினாலே இந்த வேகமும் கொஞ்சம் இறங்குமாம், சுவர் நிஜமாகவே இளகியதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா.

சரி, நீ முதலில் இடுப்பை அள. பெல்ட் போடுகிற இடத்தில் இல்லை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. தங்கச்சியிடம் டேப்பைக் கொடுத்து அளந்து எழுதச் சொல். நீயே அளந்தால் வயிற்றை எக்கிக்கொள்வாய்.

உன் பழைய ரூம்மேட்