மாமாவுக்கு: மலரில் என் கட்டுரை வராது

மாமா,

கும்பாபிஷேக மலருக்கு நான் எழுதித் தரப் போவதில்லை. கமிட்டியில் சொல்லிவிடுங்கள். நம் சாஸ்திரம் சொன்ன கல்பக் கணக்கும் பூமியின் வயதும் ஒன்றுதான் என்று, கல்லின் வயதை அளக்கிற என்னை எழுதச் சொல்கிறீர்கள். "432 கோடி ஆண்டு: விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டது" என்ற தலைப்புக்குக் கீழே என் பெயரும் வேண்டாம், பெயருக்குப் பின்னால் இருக்கிற படிப்பும் வேண்டாம். பக்கம் காலியானால் நன்கொடையாளர் பட்டியலைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம். எல்லாரும் முதலில் தேடுவது அதைத்தானே.

போனில் சொல்லலாம். ஆனால் போனை நீங்கள் அத்தை கையில் கொடுத்துவிடுகிறீர்கள். நீங்கள் புது வீடு புகுந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அன்று வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இதையும் படிப்பார்கள் என்பதால், பந்தியில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. ஹோமத்தில் நடந்தது மட்டும் போதும்.

ஐயர் சங்கல்பம் சொல்லிக்கொண்டிருந்தார். ச்வேதவராக கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அஷ்டாவிம்சதிதமே, கலியுகே, ப்ரதமே பாதே. இப்போது எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று சொல்கிற வரிகள். நீங்கள் மணையில் இருந்தபடியே கூடத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "கல்பம்னா 432 கோடி வருசம். அம்மிணி மெசின்ல போட்டு இப்பத்தான் கண்டுபுடிக்கறா, நம்ம ஆளுக எப்பவோ சொல்லிப்போட்டாங்க" என்றீர்கள். பெருமையாகத்தான் சொன்னீர்கள், அதில் பாதி என்னைப் பற்றிய பெருமை. அதற்கு நான், "மாமா, அது வண்டியோட கெப்பாசிட்டிங்க. இறக்குன ராடுக்குத்தானுங்க பில்லு? கெப்பாசிட்டிக்கே பில் போட்டா எப்படிங்க?" என்றேன்.

திருச்செங்கோட்டில், சபையில் பாதிப் பேர் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களாக இருந்த வீட்டில்.

சிரித்தவர்களுக்குக் கல்பம் எங்கே கேட்டது? பில் மட்டும்தான் கேட்டது. உங்கள் ராடு இருபது அடி. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் தோட்டக்காரர் கையிலேயே சாக்பீஸைக் கொடுத்துக் கோடு போடச் சொல்கிற ஆள் நீங்கள். ஒரு ராடுகூடக் கூட்டி எழுதியதில்லை. அதை அந்த இடத்திலேயே சொல்லாமல் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.

உவமை மட்டும் தப்பில்லை, மாமா. அந்த சங்கல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்பத்துக்கு 14 மன்வந்தரம், அதில் ஆறு முடிந்துவிட்டது. மன்வந்தரம் ஒன்றுக்கு 71 சதுர்யுகம், நான்கு யுகமும் சேர்ந்த சதுர்யுகம் ஒன்றுக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் வருஷம், ஆக 184 கோடியே 3 லட்சத்து 20 ஆயிரம். அவற்றுக்கு முன்னும் இடையிலும் பின்னும் சந்தி என்கிற இடைக்காலம் ஏழு, 1 கோடியே 20 லட்சத்து 96 ஆயிரம். ஏழாவது மன்வந்தரத்தில் 27 சதுர்யுகம் போய்விட்டது, 11 கோடியே 66 லட்சத்து 40 ஆயிரம். இருபத்தெட்டாவதில் கிருதம், திரேதம், துவாபரம் மூன்றும் 38 லட்சத்து 88 ஆயிரம். கலி இன்னும் 5,200ஐத் தொடவில்லை. மொத்தம் 197 கோடியே 29 லட்சத்துச் சொச்சம். பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் இதிலும் படைப்புக்கு ஆன காலம் என்று 1 கோடியே 70 லட்சத்து 64 ஆயிரத்தைக் கழிக்கிறது. 432 கோடி என்பது பிரம்மாவின் முழுப் பகல். 1,500 அடி போகிற வண்டியில் 34 ராடு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஐயர் சரியாகத்தான் சொன்னார். மாற்றிச் சொன்னது நீங்கள்.

பூமியின் வயதுக்காவது 432 ஒத்துப்போகிறதா என்றால் அதுவும் இல்லை. 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது வேறு வேறு எடையுள்ள ஈய அணுக்களை, அளந்து சொன்னது 455 கோடி, கூடக் குறைய 7 கோடி. அதற்கு முன்னால் அவர் பல வருஷம் பட்ட பாடு வயதைக் கணக்கிடுவதில் இல்லை. காற்றிலும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் ஒட்டியிருந்த வெளி ஈயத்தை ஆய்வகத்தை விட்டுத் துரத்துவதில்தான். 432க்கும் 455க்கும் நடுவே 23 கோடி. இதைச் "சுமார் ஒண்ணுதானே" என்று நீங்கள் சொல்லலாம். 23 அடியை எந்தத் தோட்டக்காரரிடமாவது அப்படிச் சொல்லியிருக்கிறீர்களா?

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் கிடக்கிறது. சித்தம்பூண்டி வெள்ளைக்கல். சந்திரயான்-2 தரையிறங்கியைச் சோதிக்க இஸ்ரோ நிலா மண் செய்தது சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைப் பொடித்துத்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறீர்களே, அதே கல். அந்தப் பாறைக்குப் பெயர் அனார்த்தசைட். அதிலுள்ள ஜிர்கான் என்ற சின்னத் தாதுமணியின் வயது 250 கோடியைத் தாண்டுகிறது. நம் கணக்கில் கல்பம் விடிந்ததே 197 கோடி வருஷத்துக்கு முன்னால்தான். சங்கல்பத்தை அளவுகோலாக எடுத்தால், கல்பம் பிறக்குமுன்பே நாமக்கல் மாவட்டத்தில் கல் கிடந்திருக்கிறது.

"மெசின் சொல்றதை எப்படி நம்பறது" என்று குடும்பக் குழுவில் கேட்டீர்கள். "மேடம் விளக்குவார்களா" என்றும் சேர்த்து. அந்த மேடம் வலித்தது. விளக்குகிறேன்.

கல்லை ஜா கிரஷரில் உடைத்து, அரைத்து, கால் மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்போம். தண்ணீரில் அலசி லேசானதை ஓட்டிவிட்டு, காந்தத்தில் இழுபடுவதை ஒதுக்கி, மிச்சத்தை மெத்திலீன் அயோடைடு என்ற கனமான திரவத்தில் கொட்டுவோம். அதன் அடர்த்தி 3.3, ஜிர்கானுக்கு 4.6, அதனால் ஜிர்கான் அடியில் போய் உட்காரும். பிறகு நுண்ணோக்கிக்குக் கீழே ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். வெள்ளைக்கல்லில் ஜிர்கான் அரிது; சில சமயம் மூட்டைக் கல்லை உடைத்தும் ஒன்றுகூடத் தேறாது. கிரஷரைச் சரியாகத் துடைக்காமல் விட்டால் முந்தின கல்லின் மணி ஒன்று கலந்து, வேறு ஊரின் வயது வந்து நிற்கும்.

பொறுக்கியதை எபாக்சிப் பசையில் பதித்துப் பாதி உடம்பு தேயும்வரை பாலிஷ் போடுவோம். எலக்ட்ரான் கற்றையில் பார்த்தால் வெட்டின மரம்போல வளையம் வளையமாகத் தெரியும். அதில் ஒரே வளையத்துக்குள் லேசரால் 30 மைக்ரான் குழி போட்டு, கிளம்புகிற தூளில் யுரேனியமும் ஈயமும் எவ்வளவு என்று கருவியில் அளப்போம். நடுவும் விளிம்பும் ஒரே குழியில் விழுந்தால் எந்த நிகழ்ச்சிக்கும் சொந்தமில்லாத வயது வரும். நடுநடுவே வயது தெரிந்த ஜிர்கானையும் சுட்டு, கருவி நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

ஏன் ஜிர்கான்? உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அண்டவிடாது. அப்புறம் அதில் இருக்கிற ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238 பாதியாக 447 கோடி வருஷம், யுரேனியம்-235க்கு 70 கோடி. ஒரே மணிக்குள் வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரம். 250 கோடி என்றால் மிச்சமிருக்கும் 100 யுரேனியம்-238க்கு 47 ஈயம்-206 இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு யுரேனியம்-235க்கு 10.7 ஈயம்-207. இடையில் ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் ஒரே வயதைச் சொல்லாது. கசிவு தானே காட்டிக்கொடுக்கும். 197 கோடி என்றால் முதல் கணக்கில் 47க்குப் பதில் 36தான் வரும். எங்கள் கருவியின் பிசகு நூற்றுக்கு ஒன்று இரண்டு.

கார்பன் டேட்டிங் இதுக்கு ஆகாதா என்றும் கேட்டீர்கள். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கரிக்கு ஆகும்; 50,000 வருஷத்துக்கு மேல் அதில் அளக்க எதுவும் மிஞ்சாது. "அந்தக் காலத்துல வேகமா கரைஞ்சிருக்கும்" என்ற பார்வர்டுக்கு மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஓக்லோ யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. சுமார் 200 கோடி வருஷத்துக்கு முன் பூமிக்குள் தானாக எரிந்த அணு உலையின் மிச்சத்தை 1972-இல் அங்கே கண்டுபிடித்தார்கள். அணுவின் நடத்தை அன்றும் இன்றும் ஒன்றுதான் என்று அந்தச் சாம்பலே சொல்கிறது.

பூமிக்கு 6,000 வருஷம் என்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அவர்கள் கணக்குப்படி 100 கோடி யுரேனியத்துக்குச் சுமார் 930 ஈயம்தான் இருக்க வேண்டும். ஒத்து வராது. ஆனாலும் கி.மு. 4004 என்று சொன்ன அஷர் பாதிரியார் வேதாகமத்தின் வம்சவரிசையை ஒழுங்காகக் கூட்டித்தான் சொன்னார். 

சங்கல்பத்துக்கு என் கை கூப்பும், மாமா. கேட்பவன் யார், எங்கே, எப்போது என்று சாமிக்கு விலாசம் சொல்வது அது. அதற்கு ஆய்வகத்தின் முத்திரை எதற்கு? முத்திரை வேண்டும் என்று நீங்கள் கேட்டால் பதில் அந்த வெள்ளைக்கல்லின் 250 கோடிதான். மலரில் அதைப் போட உங்களால் முடியாது. நீங்கள் கேட்டதை எழுத என்னால் முடியாது.

ஒரு வேலை இருக்கிறது, கோபம் தீர்ந்த பிறகு. சித்தம்பூண்டிப் பக்கம் யாராவது கிணறு வெட்டினால் வெள்ளைக்கல் 20 கிலோ வேண்டும். போர் போடும்போது மேலே வரும் கட்டிங்ஸ் வேண்டாம், எல்லா ஆழமும் கலந்துவிடும். வெயில் படாத, வெடித்து எடுத்த கல்லாகப் பாருங்கள். மணல் கட்டின சாக்கில் போடாதீர்கள். ஆற்று மணலிலேயே ஜிர்கான் உண்டு. புது பிளாஸ்டிக் கவரில் கட்டி, எந்தத் தோட்டம், எத்தனையாவது அடி என்று உங்கள் கையால் எழுதிவிடுங்கள். அந்த அடிக்கணக்கை நான் சரிபார்க்க மாட்டேன்.

அம்மிணி