காப்பகத்தின் இரவுகளும் ஒரு தம்புராவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடற்றோர் காப்பகங்களில் இடம் இருக்கும்போதும் பலர் நடைபாதையிலேயே படுத்துக்கொள்வது ஏன் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் கேட்டிருந்தார். மதுரையில் வீடற்ற பெண்களுக்காகச் சிறிய காப்பகம் ஒன்றைத் தொடங்கி நடத்திவருபவள் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரு விடையை எழுத விரும்புகிறேன். அது பெரும்பாலும் இசையைப் பற்றியதாக இருப்பதால் தொடர்பற்றதாகத் தோன்றக்கூடும். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணிபுரிந்தேன். சிகிச்சை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் போவதற்கு வீடில்லாமல், கையில் மாத்திரைப் பொட்டலத்துடன் வெளிவாசல் வேப்பமரத்தடியில் படுத்துக் கிடந்த பெண்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டும் என்பதற்காக அவர்களை அனுப்பிவைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஓய்வுபெற்ற பின்னும் அந்த உறுத்தல் நீங்கவில்லை. உடன் பணிபுரிந்த தோழியர் நால்வருடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தேன்.

அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தது ஒரே நாள் வேலை. அதற்குப் பிறகுதான் அலைச்சல் தொடங்கியது. அறக்கட்டளைக்கும் நன்கொடை தருவோருக்கும் வரிச்சலுகை கிடைப்பதற்கான வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் உரிமம், அந்த உரிமத்துக்காகக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்றைக் கேட்க முடியும் என்ற நிலை. இவை அனைத்தும் தேவையானவை என்றே நான் கருதுகிறேன். பாதுகாப்பற்ற இடத்தில் ஆதரவற்ற பெண்களை அடைத்துவைப்பதைவிடக் காத்திருப்பது மேல். ஆனால் ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு ஐந்து மாதங்கள் அசையாமல் கிடந்தபோதும், வீடு தருவதாகச் சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்ட உரிமையாளர், ‘தெருவில் கிடந்தவர்கள்’ வரப்போகிறார்கள் என்று அறிந்ததும் மனம் மாறியபோதும், எனக்கு இரவில் உறக்கம் வராமல் போயிற்று. ஓய்வூதியப் பலன்களில் பாதி அதற்குள் கரைந்திருந்தது.

அந்த நாட்களில்தான் என் தாயாரின் தம்புராவைப் பரணிலிருந்து இறக்கினேன். பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த அதன் தந்திகள் துருவேறியிருந்தன. இளவயதில் சில ஆண்டுகள் பாட்டுக் கற்றிருந்தேனே தவிர, பணியில் சேர்ந்த பிறகு பாடியதே இல்லை. புதுத் தந்திகள் மாற்றி, விடியற்காலை நான்கரை மணிக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கினேன். பாடுவதற்குக் குரல் இல்லை. சுருதி சேர்ப்பது மட்டுமே முதல் பல வாரங்கள் என்னால் முடிந்தது.

சுருதி சேர்ப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நான்கு தந்திகள். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி ஏறக்குறைய நிறுத்தி, தந்தியில் கோத்திருக்கும் மணிக்காயை நகர்த்தி நுணுக்கமாகச் சேர்த்து, பிறகு தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் இடையே உள்ள ஜீவாளி நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால், ஓரிடத்தில் ஓசை சட்டென்று விரிந்து ரீங்கரிக்கத் தொடங்கும். நன்றாகச் சேர்ந்துவிட்டால் மந்தரத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் என்ற சுரம் தானாகவே எழுந்து கேட்கும். அந்தச் சுரத்துக்கென்று தம்புராவில் தந்தி இல்லை. அதைக் கேட்கும்வரை காதைத் தவிர வேறெதற்கும் மனத்தில் இடம் இருப்பதில்லை. கோப்பு நகராத அலுவலகத்தை நினைத்த மாத்திரத்தில் சுருதி விலகியிருப்பதைக் கவனிக்கத் தவறிவிடுவேன். மீண்டும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். மழைநாளில் பத்து நிமிடத்துக்கொரு முறை இறங்கிப் போகும். இப்படி நாள்தோறும் ஒரு மணி நேரம் கழிந்த பிறகு, அதே அலுவலகத்தின் படியைக் கோபமில்லாமல் ஏறி, அதே மேசைக்கு முன்னால் அதே கேள்வியைத் தெளிவாகக் கேட்க முடிந்தது. தொடங்கிய வேலையை நடுவில் கைவிடாமல் இருந்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு காப்பகம் திறந்தபோது ஏழு பெண்கள் வந்தார்கள். பேருந்து நிலையங்களிலிருந்தும் கோயில் வாசல்களிலிருந்தும் வந்தவர்கள். கட்டில், போர்வை, மின்விசிறி, தாழிடக்கூடிய கதவு என எல்லாம் இருந்தும் முதல் இரவில் ஒருவரும் உறங்கவில்லை. தெருவில் வாழும் பெண் இரவில் விழித்திருந்து பகலில் உறங்கப் பழகியவள். யார் அருகில் வருகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடப்பவள். வண்டிகளின் இரைச்சல் அவளுக்குத் துணை. ஆள் நடமாட்டம் தெரியும் வெளிச்சம் அவளுக்குக் காவல். இவை இரண்டும் இல்லாத மூடிய அறையின் நிசப்தம் அவளை அச்சுறுத்துகிறது என்பதை, இத்தனை ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த நானும் அன்றுதான் உணர்ந்தேன். மூன்றாம் நாள் இருவர் மீண்டும் பேருந்து நிலையத்துக்கே போய்விட்டார்கள். தங்கள் வாசகரின் கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

நான்காம் இரவு, என் சொந்த அமைதிக்காகவே, கூடத்தின் மூலையில் உட்கார்ந்து தம்புராவை மீட்டினேன். யாரையும் அழைக்கவில்லை. சற்று நேரத்தில், கதவோரம் முதுகைச் சாய்த்துக் காவல் இருப்பதுபோல் அமர்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் நகர்ந்து வந்து சுவரோரம் படுத்தார். தம்புராவின் ஒலி நிசப்தத்தை நிரப்பியது. அதே நேரத்தில் ஒருவர் விழித்திருக்கிறார் என்பதையும் அது அவர்களுக்கு உணர்த்தியது. அன்று முதல் இரவு எட்டரை மணிக்கு விளக்குகளைக் குறைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் தம்புராவும் மெதுவான குரலில் நீலாம்பரி ராகத்திலோ சகானா ராகத்திலோ ஓர் ஆலாபனையும் வழக்கமாயின. போன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார்.

எழுபது வயதைக் கடந்திருக்கக்கூடிய ஒரு மூதாட்டி, ஊரும் பேரும் சொல்லத் தெரியாத நிலையில் எங்களிடம் சேர்க்கப்பட்டிருந்தார். ஒரு மாலையில் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கையில் அவர் தாலாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். தாய்மாமன் கொண்டுவரும் சீரைச் சொல்லும் வரிகளில் இரண்டு ஊர்ப் பெயர்கள் வந்தன. நாங்கள் அவ்விரு ஊர்களுக்கும் சென்று விசாரித்தோம்; அவரை அறிந்தவர் எவரும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவருக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது என்று அறிந்த பிறகு, காப்பகத்தில் மற்றவர்கள் அவரைப் பார்க்கும் விதம் மாறியது. இப்போது அவர் பாடாத மாலை இல்லை.

இசையால் நோய் தீரும் என்று நான் சொல்லவில்லை. மனநோயுடன் வருபவர்களுக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். காதுக்குள் குரல்கள் கேட்பதாகச் சொன்ன ஓர் இளம்பெண்ணுக்குத் தம்புராவின் ஒலி பொறுக்க முடியாததாக இருந்தது; அவருக்கு வேறு அறை ஒதுக்கினோம். ஒலிபெருக்கியில் போடும் பாட்டும் இதற்கு ஈடாகாது. பிறந்தநாள் கொண்டாடச் சாப்பாட்டுடன் வந்து, பாட்டுப் பெட்டியை உரக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். எனினும் அவர்கள் போன இரவுகளில் எங்கள் பெண்கள் நெடுநேரம் உறங்குவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் வீடற்றோரை எண்ணியபோது நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகரங்களில் இருந்தவர்கள். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு நிரந்தரக் காப்பகம், ஆள் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்று தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகள் வகுத்தன. உச்ச நீதிமன்றமும் 2010இல் பிறப்பித்த ஆணைகளில் காப்பகங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இடத்தையும் கட்டிலையும் கழிப்பறையையும் அளந்து கேட்பது சரியே. அங்கே வருபவர் உறங்கினாரா என்பதையும் ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கு அவர்கள் ஒரு நாளாவது இரவில் வர வேண்டியிருக்கும்.

மற்றொரு வேண்டுகோள் இசை கற்பிப்போருக்கு. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் குரலிசை, வயலின், தேவாரம் ஆகியவற்றைக் கற்பிக்கின்றன. வாரம் ஒரு மாலை, தம் ஊரிலுள்ள காப்பகத்தில் மாணவர் இருவர் ஒலிபெருக்கி இல்லாமல் அமர்ந்து சாதகம், அதாவது இசைப் பயிற்சி, செய்ய ஏற்பாடு செய்தால் போதும். கச்சேரி வேண்டாம். பெண்கள் காப்பகமாயின் மாணவியரை அனுப்புவது நல்லது. ஒரே மாணவி தொடர்ந்து வருவது அதைவிட நல்லது, ஏனெனில் இவர்கள் முகத்தைப் பழகிக்கொண்ட பிறகே கண்ணை மூடுவார்கள்.

வாசகர்களின் வீட்டுப் பரண்களிலும் தந்தி அறுந்த தம்புராக்கள் இருக்கக்கூடும். அடியிலுள்ள குடம் விரிசல் விடாமல் இருந்தால் பழுதுபார்த்துவிடலாம். அருகிலுள்ள காப்பகத்தில் மீட்டத் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டறிந்து, அதன் பிறகு கொடுங்கள். ஒருவரும் இல்லையென்றால் முதல் சில வாரங்கள் நீங்களே மாலையில் போய் உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.