செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: இனத் தடையும் நம் வீட்டு நாய்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஓசூர் வட்டாரத்தின் பல பகுதிகளிலிருந்து பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நாய் வளர்ப்போர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளை இங்கு முன்வைக்கிறேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். இவ்விரண்டையும் இத்துடன் நிறுத்திக்கொள்ளப் பொதுக்குழு அனுமதிக்க வேண்டும். ஏனெனில் இவ்வாண்டு சங்கத்துக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை, “எங்கள் வீட்டில் இருப்பது தடை செய்யப்பட்ட நாயா?” என்ற ஒரே கேள்வியாகவே இருந்தன.

மத்திய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை, 2024 மார்ச் 12 அன்று எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல் டெரியர், ராட்வீலர், அமெரிக்கன் புல்டாக், டோகோ அர்ஜெண்டினோ, கேன் கோர்சோ, ரொடீசியன் ரிட்ஜ்பேக் உள்ளிட்ட 23 இனங்களையும் அவற்றின் கலப்பினங்களையும் இறக்குமதி செய்யவும், இனப்பெருக்கம் செய்யவும், விற்கவும் அனுமதிக்கக் கூடாது என்றும், ஏற்கெனவே வீடுகளில் வளரும் இவ்வகை நாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. பட்டியலைப் பொறுமையாகப் படித்த எவருக்கும் அதன் அவசரம் தெரிந்திருக்கும். தோசா இனு என்று ஓரிடத்திலும் ஜப்பானிய தோசா என்று வேறோரிடத்திலும் ஒரே நாய் இருமுறை இடம்பெற்றிருந்தது. ‘டெரியர்கள்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு சொல்லும் இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் யார்க்‌ஷையர் டெரியரும் ஆபத்தான நாய்தான்.

வீட்டில் வளரும் நாயைப் பறிமுதல் செய்ய அந்தச் சுற்றறிக்கை சொல்லவில்லை. ஆனால் கைபேசிகளில் பரவிய செய்தியில் ‘தடை’ என்ற சொல்தான் நின்றதே தவிர, யாருக்கு, எதற்குத் தடை என்பது வந்து சேரவில்லை. அதன் விளைவு நம் உறுப்பினர்களின் வாசல் வரை வந்தது. சிப்காட் பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவரிடம், பல ஆண்டுகளாக அந்த வீட்டிலேயே வளர்ந்த ராட்வீலரை அனுப்பிவிட வேண்டும், இல்லையேல் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். அவர் வீட்டைத்தான் மாற்றினார். ராயக்கோட்டைப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு நாய் வைத்திருப்பவர், தம் நாயை யாராவது வந்து பிடித்துச் செல்வார்களோ என்று பகலில் அதை அறைக்குள் பூட்டி வைக்கத் தொடங்கினார். நாள் முழுதும் அடைபட்டுக் கிடக்கும் காவல் நாய் எரிச்சல் கொண்டதாக மாறும் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. அகன்ற தலையும் தடித்த கழுத்தும் கொண்ட ஒரு நாட்டுக் கலப்பு நாயை, பிட்புல் என்று அக்கம்பக்கத்தினர் முடிவுகட்டிவிட்டனர். அதன் தாய் தெருவில் குட்டி போட்டதை நேரில் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பது வேடிக்கை. உருவத்தை மட்டும் பார்த்துக் கலப்பினத்தின் வம்சத்தைச் சொல்வதில் பழகிய கண்களும் தவறுகின்றன என்பதை மரபணுச் சோதனையோடு ஒப்பிட்ட வெளிநாட்டு ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

எல்லாவற்றிலும் வருத்தமானது, நாயைக் கைவிட்டவர்களின் செய்தி. நெடுஞ்சாலை ஓரத்தில் கழுத்துப்பட்டையோடு அலைந்த பெரிய இன நாய்களைப் பற்றி ஆண்டின் முதல் பாதியில் அடிக்கடித் தகவல் வந்தது. வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி விட்டுச் செல்வது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்துக்குப் பயந்து நாயை விட்டவர்கள், விட்டதன் மூலம் இன்னொரு சட்டத்தை மீறினார்கள். ஊருக்கும் அதனால் பாதுகாப்பு கூடவில்லை. வீட்டுக்குள் கட்டுப்பாட்டில் இருந்த வலுவான நாய் தெருவுக்கு வந்ததுதான் மிச்சம்.

இந்நிலையில் 2024 ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம், சம்பந்தப்பட்டவர்கள் எவரையும் கேட்காமல் வெளியிடப்பட்டது என்பதை முதன்மையாகக் கொண்டு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. உரிய நடைமுறையைப் பின்பற்றி விதிகளைத் திருத்துவதற்கு அரசுக்குத் தடையில்லை என்றும் கூறியது. ஏப்ரல் 16 அன்று டெல்லி உயர்நீதிமன்றமும் பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று அதை ஒதுக்கியது. ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியே கர்நாடகம் என்பதால், “தீர்ப்பு அந்தப் பக்கத்துக்கு மட்டுமா, நமக்கும் உண்டா?” என்று பல உறுப்பினர்கள் கேட்டார்கள். மத்திய அரசின் சுற்றறிக்கையே ரத்தான பிறகு அதைக் காட்டி இங்கு எவரையும் நிர்ப்பந்திக்க முடியாது என்று எழுத்தில் விளக்கம் அனுப்பினோம்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே, மே 5 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. சங்கிலியும் இல்லை, வாய்மூடியும் இல்லை. இதையடுத்து, அதே 23 இனங்களுக்கும் மாநில அளவில் தடை விதித்து வெளியான ஆணை, ஓரிரு நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அந்த வாரத்தில் தடையைக் கண்டித்து உடனே அறிக்கை விட வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் வற்புறுத்தினர். ஒரு குழந்தை மருத்துவமனையில் கிடக்கும்போது நாய்க்கு நியாயம் கேட்டு அறிக்கை விடுவது அழகல்ல என்று தலைவர் மறுத்தார். அவர் மறுத்தது சரி என்பதே என் கருத்து. நம் தரப்பு நியாயம் எதுவாயினும், பெரிய நாயின் கடி சிறிய நாயின் கடியைவிடக் கொடியது என்பதை நாம் ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

அப்படி ஒப்புக்கொண்ட பின்னும் இனத் தடை பயன் தருமா என்ற கேள்வி நிற்கிறது. பிரிட்டன் 1991-இல் ஆபத்தான நாய்கள் சட்டத்தின் மூலம் பிட்புல் உள்ளிட்ட நான்கு வகைகளைத் தடை செய்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அங்கு நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் எண்ணிக்கை ஏறியதே தவிர இறங்கவில்லை. 2023 டிசம்பர் 31 முதல் எக்ஸ்எல் புல்லி என்ற ஐந்தாவது வகையையும் சேர்க்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008-இல் கைவிட்டது. அமெரிக்காவின் டென்வர் நகரம் 1989 முதல் வைத்திருந்த தடையை 2020-இல் மக்கள் வாக்கெடுப்பில் நீக்கியது. 2022-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் சராசரியாக 9 சதவீதத்துக்கு மட்டுமே இனம் காரணமாகிறது என்றது. எஞ்சிய பெரும்பங்கில் வளர்ப்பும் பழக்கமும் வருகின்றன என்றால், நாம் கேள்வி கேட்க வேண்டிய இடம் வளர்ப்பவரின் வாசல்.

அதற்கான சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அதில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வீட்டு விலங்கின் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றை உரிமையாளரின் பொறுப்பில் வைத்துள்ளன. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி விற்பனைக்காகக் குட்டி ஈன வைப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெங்களூருவில் பதிவு இல்லாதவர்களிடம், தாயிடமிருந்து முன்கூட்டியே பிரித்த குட்டிகளை மலிவாக வாங்கி வருபவர்கள் நம் உறுப்பினர்களிலும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. குடியிருப்புச் சங்கங்கள் பெரும்பான்மை முடிவு எடுத்தாலும் நாய் வளர்ப்பைத் தடை செய்ய இயலாது என்ற இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் படியைக் கேட்ட அனைவருக்கும் கொடுத்தோம். அது பல இடங்களில் பேச்சைத் தணித்தது.

மாநில அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இனங்களைப் பிரித்தது. ஆனால் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்றவை நம் வெயிலுக்கோ உடல்நலத்துக்கோ ஒவ்வாதவை என்பதால் அவற்றின் இனப்பெருக்கத்தை அது தடுத்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாட்டினங்களுக்கு ஊக்கம் தந்தது. நாயின் நலனை முன்வைத்த இப்பிரிவினையைச் செயற்குழு வரவேற்கிறது. ஓசூரின் குளிரை நம்பி ஹஸ்கி வாங்கியவர்கள் ஏப்ரல் மாதத்தில் என்ன பாடுபடுகிறார்கள் என்று கால்நடை மருத்துவர்களைக் கேட்டால் தெரியும்.

இவற்றையொட்டிச் செயற்குழு ஓர் உறுதிமொழிப் படிவம் தயாரித்துள்ளது. எந்த இனமாயினும் பொது இடத்தில் சங்கிலியோடு, பெரியவர் ஒருவரின் கையில்தான் நாய் இருக்க வேண்டும். கனமான இனங்களுக்கு வாய்மூடி கட்டாயம். தடுப்பூசி அட்டையை ஆண்டுதோறும் சங்கத்தில் காட்ட வேண்டும். கடி நேர்ந்தால் சிகிச்சைச் செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும். கடைசி விதியைச் சில உறுப்பினர்கள் எதிர்க்கிறார்கள். தெருவில் போகிறவர் சீண்டினாலும் நாம் பணம் கட்டுவதா என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தாலும், கடிபட்டவரிடம் முதலில் பேரம் பேசும் சங்கம் தடைக்கு எதிராக எந்த அதிகாரியின் முன்னும் நிற்க முடியாது என்று செயற்குழு கருதுகிறது. படிவத்தில் கையொப்பமிடாதவர்களின் உறுப்பினர் தகுதியைப் புதுப்பிப்பதில்லை என்ற விதித் திருத்தத்துக்கு இன்றைய பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.