சேஸிஸ் நம்பர் மேல் பவுடர் அடிக்கும் பட்டறைக்காரர்களுக்கு

அன்புள்ள பவுடர் கோட்டிங் பட்டறை அண்ணன்மார்களுக்கு, வணக்கம்.

கோயம்புத்தூரில் பழைய பைக்குகளைச் சரிசெய்து கொடுக்கிற ஆள் நான், இரும்பில் பெயிண்ட் பொடியைத் தூவி ஓவனில் வேகவைக்கிற உங்கள் வேலையை நம்பியிருக்கிறவன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும், மீதிப் பேருக்கு என் போன் நம்பர் தெரியும், அதனால்தான் எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வந்தது, 1995 மாடல். ஆர்சி புதுப்பிக்கக் கொண்டுபோன இடத்தில், சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கிற ஹேண்டில் கழுத்தைத் துணியால் துடைத்தார்கள், டார்ச் அடித்தார்கள், பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தார்கள். ஒரு எண்கூட எழவில்லை, வழவழவென்று கறுப்புப் பவுடர் கோட்டிங். அறுபது வயசு மனிதர், கல்யாணமான வருஷம் வாங்கிய வண்டி தன்னுடையதுதான் என்று வரிசையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் மேல் தப்பில்லை, நம்பர் தெரியாத ஃப்ரேமை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

அப்புறம் அந்தக் கறுப்பை எடுக்கிற வேலை என் தலையில். தின்னர் ஊற்றினால் பவுடர் கோட்டிங் சிரிக்கும் என்று உங்களுக்கே தெரியும். 200 டிகிரி பக்கத்தில் வெந்து இறுகிய பிறகு அது கரையாது, திரும்ப உருகவும் செய்யாது. மணலை வேகமாகப் பீய்ச்சி பிளாஸ்டிங் பண்ணலாம்தான், ஆனால் இருக்கிற நம்பரும் மழுங்கிப் போகும். கிரைண்டரில் ஒயர் பிரஷ் போட்டாலும் அதே கதி. ஹீட் கன் வைத்தால் கொஞ்சம் இளகி, புகைந்து, கருகி, எண்ணின் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் மெத்திலீன் குளோரைடு என்ற ரசாயனம் கலந்த பெயிண்ட் ரிமூவர்தான். கெட்டியாகத் தடவி, காய்ந்துவிடாமல் பாலித்தீன் சுற்றி, சுருங்கி எழும்பியதைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, பித்தளை பிரஷ்ஷால் பள்ளத்தை நோண்டி, மறுபடி தடவி, இப்படியே மூன்று நாள். சாதாரணக் கையுறைக்குள் அது நுழைந்துவிடும், விரலெல்லாம் எரிச்சல். மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிற சரக்கு அது. அமெரிக்காவில் அது கலந்த பெயிண்ட் ரிமூவரை வீட்டு உபயோகத்துக்கு விற்கக் கூடாது என்று 2019லேயே தடை போட்டுவிட்டார்கள். நான் தெருவில் உட்கார்ந்து செய்தேன், பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பேசவில்லை.

கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே துரு. பழசை எடுக்காமலே மேலே அடித்திருக்கிறீர்கள். பவுடர் ஒட்டுவதே இரும்புக்கு எர்த் கொடுப்பதால்தானே? பழைய கோட்டிங் இடையில் இருந்தால் எப்படிப் பிடிக்கும் என்று நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "பிளாஸ்டிங், கோட்டிங் எல்லாம் சேர்த்து" என்றுதான் பில் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஓவனுக்குள் தள்ளும் முன் சேஸிஸ் நம்பரை மறையுங்கள். சூடு தாங்கும் பச்சை டேப் இரண்டு அங்குலம் போதும். மரைத் துளை, பேரிங் உட்காரும் இடம், எர்த் ஒயர் பிடிக்கும் இடம் இவற்றுக்கும் அதே டேப்பும் சிலிக்கான் அடைப்பும்தான். ஸ்பார்க்குக்கு கரண்ட் தருகிற காயிலின் போல்ட்டடியில் கோட்டிங் ஏறி, எர்த் கிடைக்காமல், ஸ்பார்க் வராமல், நல்ல காயிலைக் குப்பையில் போட்டவன் நான்.

சொல்ல வந்தது வேறு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிளாஸ்டிங் ஷெட்டில் ஒரு பையன் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஆற்று மணலை அடித்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தூசி நுரையீரலில் போனால் திரும்பி வராது. மணலுக்குப் பதில் அடிக்கிற கார்னெட் கல் பொடி கொஞ்சம் விலை அதிகம்தான், பையனும் மலிவில்லை. புது எல்இடி போர்டு வைக்கக் காசு இருக்கிறது, அவனுக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்க இல்லையா?

சரி, கோபத்தில் இரண்டு வார்த்தை கூடிப்போயிருந்தால் மன்னியுங்கள், உங்களை விட்டால் எனக்கும் வேறு வழியில்லை. சேஸிஸ் நம்பர் மேல் டேப் ஒட்டுங்கள். பழசு இருந்தால் எடுத்துவிட்டு அடியுங்கள், எடுக்க முடியாது என்றால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், காசு கூடக் கேட்டாலும் தருகிறேன்.

உங்களில் ஒருவரிடம் போன வியாழக்கிழமை கொடுத்த, பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் இன்னும் அடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதன் இரண்டு புஷ் துளையையும் அடைத்துவிட்டு அடியுங்கள், அண்ணா.

இப்படிக்கு,
விரல் இன்னும் எரிகிற ஒரு மெக்கானிக்