ஐஸ் ஹாக்கிக்கு எந்த முகக்கவசம்? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

சென்னை

பொருள்: இன்லைன் ஹாக்கி, ஐஸ் ஹாக்கி ஆடும் மாணவர்கள் அணிய வேண்டிய முகக்கவசம் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம்.

நம் பள்ளியின் ஸ்கேட்டிங் தளத்தில் மாலை வேளைகளில் இன்லைன் ஹாக்கி (ஒரே வரிசையில் சக்கரங்கள் கொண்ட ஸ்கேட் அணிந்து ஆடும் ஹாக்கி) ஆடிவரும் மாணவ மாணவியரில் ஒரு குழுவினர், வரும் கோடை விடுமுறையில் வடஇந்தியாவிலுள்ள உள்ளரங்கப் பனித்தளம் ஒன்றில் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி பெறச் செல்லவிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பயணம், தங்குமிடம், செலவு ஆகியவை பற்றிய சுற்றறிக்கை முன்னரே தங்கள் கைக்கு வந்திருக்கும். அது வந்த நாள் முதல் பெற்றோர் பலர் என்னிடம் நேரிலும் தொலைபேசியிலும் கேட்டு வருவது முகக்கவசத்தைப் பற்றித்தான். எதை வாங்குவது, எங்கே வாங்குவது, வீட்டில் இருப்பதே போதுமா, பிள்ளை அடம்பிடிக்கும் அரை வைசரை வாங்கிக் கொடுக்கலாமா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பாதி பாதியாகப் பதில் சொல்வதைவிட, எல்லோருக்கும் ஒரே கடிதத்தில் விரிவாக எழுதிவிடுவது நல்லது என்று கருதினேன்.

பள்ளியின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாணவர் எவரும், எந்த வகுப்பினராக இருந்தாலும், முழு முகக்கவசம் பொருத்திய ஹெல்மெட் இல்லாமல் தளத்தில் இறங்க அனுமதி இல்லை. கண்களையும் மூக்கின் மேற்பகுதியையும் மட்டும் மறைக்கும் அரை வைசரை நாங்கள் ஏற்பதில்லை. முழுக் கவசங்களிலும், ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் கவசத்தைவிடக் கம்பிக் கவசத்தையே நான் பரிந்துரைக்கிறேன். அதற்கான காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. பக் எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு ஒன்றை வைத்தே ஆடுகிறார்கள். அதன் விட்டம் 7.62 செ.மீ., கனம் 2.54 செ.மீ., எடை 156 முதல் 170 கிராம் வரை. ஏறத்தாழ ஒரு கிரிக்கெட் பந்தின் எடை. தளத்தில் துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக, ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரூட்டி உறைய வைப்பதும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடிக்கும்போது அது மணிக்கு 160 கி.மீ. வேகத்தையும் தாண்டும். நம் பிள்ளைகள் அந்த வேகத்தில் அடிக்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் வட்டு ஒன்றே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. மட்டை, எதிராளியின் முழங்கை, தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகை, கீழே விழும்போது முகத்தில் அறையும் பனித்தரை, இவை எல்லாமே முகத்தைத் தாக்கக் கூடியவை.

பொழுதுபோக்காக ஆடுவதுதானே, இவ்வளவு கவசம் எதற்கு என்று ஒரு தந்தை கேட்டார். அக்கறையோடு கேட்ட கேள்வி அது. ஆயினும் என் கருத்து அதற்கு நேர் எதிரானது. பல ஆண்டுகள் பயின்றவர் மட்டையைத் தாழப் பிடித்து ஆடுவார். எதிரே ஆள் வந்தால் அதை அடக்கிக்கொள்வார். சறுக்கிக்கொண்டே நிற்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையோ தடுமாறும்போதெல்லாம் சமநிலைக்காகக் கையை மேலே வீசும்; அந்தக் கையில் மட்டை இருக்கும். ஒரே தளத்தில் ஏழாம் வகுப்பு மாணவியும் பதினொன்றாம் வகுப்பு மாணவனும், நேற்றுச் சேர்ந்தவரும் நான்கு ஆண்டுகளாக ஆடுபவரும் கலந்து நிற்கையில், உயரம் குறைந்தவரின் முகம் உயரம் மிகுந்தவரின் மட்டைக்கு நேராக அமைந்துவிடுகிறது. அப்படி உயரும் மட்டை பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கி வருகிறது. அரை வைசரின் கீழ்விளிம்பு திறந்தே இருப்பதால் அதன் அடியில் மட்டை நுழைய இடம் உண்டு. ஹெல்மெட் சற்றுத் தளர்வாக இருந்து பின்னால் சரிந்தால் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் போகிறது. பற்களுக்கும் தாடைக்கும் அது முதலிலிருந்தே எந்தக் காப்பும் தருவதில்லை.

பிள்ளைகள் அரை வைசரை ஏன் விரும்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல். ஆட்டங்களின் காணொளிகளில் அவர்களுடைய நாயகர்கள் அதைத்தான் அணிகிறார்கள். அந்த நாயகர்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், மாண்ட்ரியால் அணியின் கோல்காப்பாளர் ஜாக் பிளாண்ட் முகத்தில் வட்டு பட்டு மூக்கருகே கிழிந்து, தையல் போட்டுக்கொண்ட பின், முகமூடி அணியாமல் இனித் தளத்துக்குத் திரும்ப மாட்டேன் என்று பயிற்சியாளரிடம் உறுதியாகச் சொன்னார். முகமூடி அணிவதைக் கோழைத்தனம் என்று பலர் நினைத்த காலம் அது. இன்று முகமூடி இல்லாத கோல்காப்பாளரை எங்கும் காண முடியாது. மற்ற ஆட்டக்காரர்களுக்கு, புதிதாக வருவோர் ஹெல்மெட் அணிந்தே ஆக வேண்டும் என்ற விதியை என்.எச்.எல். 1979இல்தான் கொண்டுவந்தது. புதிதாக வருவோருக்கு அரை வைசர் கட்டாயமாக 2013-14 பருவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சிலர் கண்ணில் காயம்பட்டு ஆட்டத்தையே இழந்திருந்தார்கள். பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்போ 18 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் முழு முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே தொலைக்காட்சியில் தெரியும் அந்த நாயகர்களும் பள்ளி வயதில் பெரும்பாலும் முழுக் கவசம் அணிந்து ஆடியவர்கள்தாம்.

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு கண் மருத்துவரின் நெடிய உழைப்பு இருக்கிறது. டொராண்டோவைச் சேர்ந்த டாக்டர் டாம் பாஷ்பி, கனடா முழுவதிலுமிருந்து ஹாக்கியால் கண்ணில் காயம்பட்டவர்களின் விவரங்களை 1970களில் திரட்டத் தொடங்கினார். 1974-75 பருவத்தில் மட்டும் 40க்கும் மேற்பட்ட கண்கள் பார்வை இழந்திருந்தன. ஹெல்மெட்டுக்கும் முகக்கவசத்துக்கும் தரநிர்ணயம் வகுக்கவும், 1970களின் இறுதியில் சிறுவர் ஆட்டங்களில் முழுக் கவசம் கட்டாயமாகவும் அவருடைய பதிவுகளே அடித்தளமாயின. தரமுத்திரை பெற்ற முழுக் கவசத்தை முறையாக அணிந்த ஒருவரும் அதன்பின் பார்வை இழந்ததாக அவர் பதிவுகளில் இல்லை. விளையாட்டில் ஏற்படும் காயங்களில் இவ்வளவு தெளிவாகத் தடுத்துக் காட்டப்பட்டது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

முழுக் கவசம் அணிந்தால் பிள்ளைகள் அஞ்சாமல் மோதிக்கொள்வார்கள், கழுத்திலும் தலையிலும் அடி கூடும் என்ற அச்சத்தை ஓரிருவர் தெரிவித்தார்கள். கனடாவின் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களை வைத்துக் கல்காரி ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. அரை வைசர் அணிந்தவர்களுக்கு முகத்திலும் தலையிலும் காயம் ஏற்படும் வாய்ப்பு முழுக் கவசம் அணிந்தவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்காகவும், பற்காயம் சுமார் பத்து மடங்காகவும் இருந்தது. கழுத்துக் காயத்திலும் மூளை அதிர்விலும் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்த அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி, கம்பியா, ஒளி ஊடுருவும் கவசமா என்பது. இதில்தான் உண்மையில் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. பாலிகார்பனேட் கவசத்தில் பார்வைக்குக் குறுக்கே எதுவும் வராது. ஆனால் மூச்சுக் காற்று உள்ளேயே தங்குவதால் ஆவி படியும். கீறல் விழுந்தால் விளக்கொளி பட்டுக் கண்ணைக் கூசும். மென்மையான சோப்பு நீரும் பஞ்சுத் துணியும் தவிர வேறு எதனால் துடைத்தாலும் கெட்டுவிடும். சென்னையின் புழுக்கத்தில் மாலை ஐந்து மணிக்கு இதை அணிந்து பத்து நிமிடம் ஆடும் பிள்ளை, அடுத்த கணமே துடைப்பதற்காகக் கவசத்தைத் தூக்கிவிடும். தளத்தில் நிற்கும்போது கவசம் திறந்திருப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் மிகுதியாக அஞ்சுகிறேன். கம்பிக் கவசத்தில் காற்றோட்டம் உண்டு, ஆவி படிவதில்லை, மூக்குக் கண்ணாடி அணியும் பிள்ளைகளுக்கும் அது ஏற்றது. கம்பிகள் கண்ணை மறைக்கின்றன என்ற குறை முதல் சில நாட்களுக்குத்தான். பார்வை தொலைவில் பதியப் பழகியதும் கம்பி கண்ணுக்கு அருகில் இருப்பதே மறந்துபோகும். காலடியில் கிடக்கும் வட்டைப் பார்க்கச் சற்றுத் தலை குனிய வேண்டியிருப்பது மெய். அதையும் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். மேலே பாலிகார்பனேட்டும் கீழே கம்பியும் சேர்ந்த கலப்பு வகையும் கிடைக்கிறது. அதை யாரேனும் முன்பே வாங்கியிருந்தால் ஏற்றுக்கொள்வோம். கடற்காற்று படும் நம் ஊரில் கம்பியின் பூச்சு உரிந்த இடத்தில் விரைவில் துரு ஏறும் என்பதால், ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் வைக்கவேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் ஹெல்மெட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் சிலருக்கு டொராண்டோவிலுள்ள பெரியப்பா, சித்தி வீடுகளிலிருந்து அங்குள்ள பிள்ளைகள் ஆடி முடித்த ஹெல்மெட்டுகள் வந்திருக்கின்றன. அன்போடு அனுப்பப்பட்டவை, ஆனால் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒன்றைப் பயிற்சியாளருடன் அமர்ந்து ஆராய்ந்தேன். பின்புறச் சான்று முத்திரையில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி கடந்துவிட்டிருந்தது. அமெரிக்கச் சான்றளிப்பு முறையில் ஹெல்மெட்டுக்குத் தயாரித்த நாளிலிருந்து ஆறரை ஆண்டுகளே ஆயுள். கம்பிக் கவசம் வேறொரு நிறுவனத்தினுடையது; ஹெல்மெட்டின் நெற்றி விளிம்புக்கும் முதல் கம்பிக்கும் இடையே என் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. இடப்பக்கப் பட்டையின் அழுத்துப் பொத்தான் கையால் இழுத்தவுடன் கழன்றது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியின் கையிருப்பிலிருந்து வேறொன்று கொடுத்தோம். ஆகவே ஹெல்மெட்டில் மட்டுமன்றிக் கவசத்திலும் தனியே சி.எஸ்.ஏ. (கனடா), எச்.இ.சி.சி. (அமெரிக்கா), சி.இ. (ஐரோப்பா) ஆகிய தரமுத்திரைகளில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரையின் மேல் வண்ணம் பூசுவதோ படம் ஒட்டுவதோ வேண்டாம். வளைந்த கம்பியை நிமிர்த்திப் பயன்படுத்தவும் வேண்டாம்.

வீட்டில் கிரிக்கெட் ஹெல்மெட் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அதன் கம்பிகளின் இடைவெளி கிரிக்கெட் பந்து உள்ளே புகாதபடி அமைக்கப்பட்டது. ஹாக்கி வட்டு பக்கவாட்டில் வந்தால் அதன் கனம் 2.54 செ.மீ. மட்டுமே, மட்டையின் நுனி அதனினும் மெலிது.

அளவு சரியாக இல்லாத நல்ல கவசமும் பயன் தராது. ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். மோவாய் கவசத்தின் கீழுள்ள கிண்ணத்தில் இடைவெளியின்றிப் பதிய வேண்டும். கம்பி மூக்கையோ உதட்டையோ தொடக் கூடாது. பட்டைகளை மாட்டிய பின் தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து அசைய வேண்டும், தனியே ஆடக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: உச்சிக்கொண்டையும் உயரத் தூக்கிக் கட்டிய குதிரைவாலும் ஹெல்மெட்டை முன்னால் தள்ளிவிடுகின்றன. பிடரிக்குக் கீழே தாழப் பின்னிய ஒற்றைப் பின்னலே வசதி. கிளிப், ஊசி, தோடு, மூக்குத்தி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு வரவேண்டும். பயிற்சி நாளில் தலைக்கு எண்ணெய் வேண்டாம். உள்நுரையில் பிசுக்கு ஏறினால் ஹெல்மெட் வழுக்குகிறது.

முகக்கவசம் கழுத்தைக் காப்பதில்லை. 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்த ஆட்டத்தில் ஆடம் ஜான்சன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் ஸ்கேட்டின் கத்தி கழுத்தில் பட்டு உயிரிழந்தார். பனித்தளத்துக்குச் செல்லும் அனைவருக்கும் வெட்டுத்தாங்கும் கழுத்துப் பட்டையைப் பள்ளியே வழங்கும். மோவாயில் அடிபடும்போது பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதைத் தடுக்க, கவசத்தோடு பல்காப்பும் அணிய வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் அடிபட்டால் செய்ய வேண்டியதைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள். வீட்டிலும் தெரிந்திருப்பது நல்லது. கண்ணில் அடிபட்டால் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. வீட்டிலிருக்கும் சொட்டு மருந்தை விடக் கூடாது. கண்ணைத் தொடாதபடி காகிதக் கோப்பையால் மூடி உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சென்னையில் என்றால், 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையை எல்லோரும் அறிவோம். நிலைத்த பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, பாலில் போட்டு, இயன்றவரை அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

பெற்றோர் சிலர் தாங்களும் வார இறுதியில் ஆடுகிறீர்கள். பல நாடுகளில் பெரியவர்களின் பொழுதுபோக்கு ஆட்டத்தில் கவசம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அதில் பள்ளி தலையிடாது. மறுநாள் காலையில் அலுவலகம் போக வேண்டியவர்களும் முழுக் கவசம் அணிவதே நல்லது என்பது என் தனிப்பட்ட கருத்து. தாங்கள் அணிவதைத்தான் பிள்ளைகளும் கேட்பார்கள்.

புதிதாக வாங்க இயலாதவர்கள் கவலைப்பட வேண்டாம். முகாமுக்குச் செல்லும் அனைவருக்கும் போதுமான ஹெல்மெட்டும் கம்பிக் கவசமும் பள்ளியில் உள்ளன, கட்டணம் ஏதுமில்லை. சொந்தமாக வைத்திருப்பவர்கள் வரும் சனிக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணிக்குள் பிள்ளையுடன் உடற்கல்வி அறைக்கு வந்து, அதை அணிவித்துச் சரிபார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூக்குக் கண்ணாடி அணியும் பிள்ளைகள் அதனுடனேயே வரவேண்டும். கண்ணாடியின் வில்லை உடையாத பாலிகார்பனேட்டா என்பதைக் கடையில் கேட்டு, இணைப்புப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்