சரவணனுக்கு, லிஸ்ட் விஷயமாக

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் வெள்ளையடிப்பு நடந்ததால் பதில் எழுத உட்கார முடியவில்லை. போர்வை போட்டு மூடியும் பியானோவுக்குள் தூசி போய்விட்டது. நடுவில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன.

சரி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பியானோ மேதை, இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட். (மேஜையில் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “லிஸ்ட்டுன்னு போட்டிருக்கு, மளிகைச் சாமான் ஒண்ணையும் காணோமே?” என்றாள் என் மனைவி.) சர்க்கஸ்காரன் என்று ஒரே சொல்லில் அவரைத் தள்ளிவிட்டாய். பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்த ‘கிராண்ட் காலப் குரோமாட்டிக்’ வெறும் விரல் ஓட்டப்பந்தயம்தான். ஓபரா மெட்டுகளை எடுத்து ஜோடித்த உருப்படிகளில் பலவற்றை இரண்டாம் முறை கேட்க எனக்கும் பொறுமை இல்லை.

ஆனால் அவருடைய பெரிய பியானோ உருப்படியான பி மைனர் சொனாட்டாவையும் அதே மூட்டையில் கட்டிவிட்டாயே! நீ சாட்சிக்கு அழைத்த பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் அதை வெறும் இரைச்சல் என்று நாட்குறிப்பில் எழுதியது உண்மைதான். லிஸ்ட் அதை அர்ப்பணித்தது கிளாராவின் கணவர், இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனுக்கு. 1854-இல் அச்சுப் பிரதி வீடு வந்து, இளம் இசையமைப்பாளர் பிராம்ஸ் அதை கிளாராவுக்கு வாசித்துக் காட்டியபோது, ராபர்ட் மனநோய் விடுதியில் இருந்தார். அந்த நேரத்தில் எந்த இசைதான் காதில் ஏறும்?

ஒன்று செய். தொடக்கத்தில் இடது கையில், கீழ் ஸ்தாயியில், ஒரே ஸ்வரத்தைத் தட்டித் தட்டி மிரட்டும் துணுக்கு ஒன்று வரும். அதை மனதில் வைத்துக்கொள். சில நிமிடம் கழித்து, டி மேஜரில் ஒரு பெரிய முழக்கம் ஓய்ந்த பிறகு, உருக்கமாக ஒரு பாட்டு எழும். அதே துணுக்குதான்! விளம்ப காலத்துக்கு இழுத்து, கீழே வேறு கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) வைத்திருக்கிறார், அவ்வளவே. எனக்கு இது பிடிபட இருபது வருடம் ஆயிற்று. இப்படி நாலைந்து துணுக்குகளை வைத்தே அரை மணி நேரம், நடுவில் நிறுத்தாமல், ஒரு உருப்படியை ஓட்டிவிடுகிறார்.

முடிவைக் கேள். கையெழுத்துப் பிரதியில் முதலில் ஆர்ப்பாட்டமான முடிவுதான் எழுதியிருந்தார். அப்புறம் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அடங்கிப்போகும் முடிவை எழுதினார். மிக மெல்லச் சில கார்டுகள், கடைசியில் அடியாழத்தில் ஒற்றை ‘பி’ ஸ்வரம். கைதட்டல் வாங்கத் தெரிந்த மனிதர், அது நிச்சயம் விழும் இடத்தைத் தன் கையாலேயே அடித்திருக்கிறார். ‘1847-லேயே காசுக்குக் கச்சேரி செய்வதை விட்டவர், அவருக்கென்ன கவலை?’ என்று நீ மடக்குவாய். மடக்கு.

1881-இல் அவர் எழுதிய ‘சாம்பல் மேகங்கள்’ உனக்குத் தெரியுமா? இரண்டே பக்கம், என் கைக்கே எட்டும். அதில் சர்க்கஸ் எங்கே இருக்கிறது என்று நீதான் காட்ட வேண்டும். வியாழக்கிழமை டியூனர் வருகிறார். அந்த இரண்டு கட்டைகளும் எழுந்துவிட்டால், நீ வரும்போது வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ரகு