அம்மாகிட்ட அந்த சாக்ஸை கழட்ட சொல்லாத கண்ணு

கண்ணு,

நேத்து ராத்திரி நீ போன்ல "வீட்டுக்கு வந்தாச்சுல்ல, இனிமே எதுக்கும்மா அந்த டைட் சாக்ஸு, கழட்டி போடு"ன்னு சொன்னியாம், காலைல எழுந்ததுல இருந்து உங்கம்மா "உங்க பொண்ணே சொல்லிட்டா"ன்னு அதையே பிடிச்சுகிட்டு நிக்கறா. போன்ல பேசினா அவ பக்கத்துலயே இருப்பா, முழுசா சொல்ல முடியாது, அதான் அவ தூங்கறப்ப டைப் பண்றேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. அம்மாவுக்கு கர்ப்பப்பை எடுத்தது சின்ன ஓட்டை போட்டு இல்ல, கட்டி பெருசா இருந்ததால வயித்தை கிழிச்சு பண்ணது. உடம்புல பெரிய காயம் பட்டா ரத்தம் சீக்கிரம் உறையற மாதிரி உடம்பே மாறிக்கும், அது தையல் போட்ட இடத்தோட நிக்காது, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கும், வாரக்கணக்குல இருக்கும். அதோட வலிக்கு பயந்து அசையாம படுத்துட்டா கெண்டைக்கால் சதை வேலை செய்யாது. நாம நடக்கறப்ப அந்த சதைதான் பம்பு மாதிரி ரத்தத்தை மேல தள்ளுது. அது நின்னா ரத்தம் கால்லயே தேங்கி ஆழத்துல இருக்கற ரத்தக்குழாய்ல உறைஞ்சு போகும், அந்த ரத்தக்கட்டி கழண்டு நுரையீரலுக்கு போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. டிஸ்சார்ஜ் ஆனதும் இந்த ஆபத்து முடியறதில்ல, வீட்டுக்கு வந்தப்புறம் வர்றதும் நிறைய உண்டுன்னு டாக்டரம்மா தெளிவா சொன்னாங்க. அதை தடுக்கத்தான் இந்த டைட் சாக்ஸு.

இதுல நம்ம குன்னூர் குளிரு வேற. மத்தியானமே மஞ்சு இறங்கிடுது, கம்பளிக்குள்ள காலை மடக்கி சுருண்டு படுத்தா எழுந்திரிக்கவே மனசு வர்றதில்ல அவளுக்கு. வெளிய நடக்கலாம்னா நம்ம வீட்டு வாசல்லயே ஏத்தம், படி வேற, தையல் ஆறாம அதுல ஏற விட முடியுமா? அதனால ஹால்ல இருந்து சமையல்கட்டு வரைக்கும் கையை பிடிச்சு நடக்க வைக்கறேன், கீழ ரெட் ஆக்சைடு தரை, வெறும் சாக்ஸோட நடந்தா வழுக்கும், ரப்பர் செருப்பு போட்டுத்தான் நடக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். கோயமுத்தூர்ல இருந்து கூட்டிட்டு வரப்பயும் வயித்துக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவுல தலையணை வச்சு, 14 கொண்டை ஊசி வளைவும் மெதுவா ஏறி, வழியில பர்லியார்ல நிறுத்தி கொஞ்சம் நடக்க விட்டுத்தான் வந்தோம்.

கம்பளி சாக்ஸ் போட்டா போதாதான்னு கேட்டியாமே. போதாது கண்ணு. கம்பளி சூடு மட்டும்தான் குடுக்கும். இந்த டைட் சாக்ஸு கணுக்கால்ல ரொம்ப இறுக்கமா, சுமார் 18 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு (பிபி அளக்கற அதே அளவுதான்) அழுத்தும், மேல போக போக அழுத்தம் குறையும், அதனால ரத்தம் மேல போகத்தான் உதவி பண்ணுது. "இப்படி இறுக்கினா ரத்தம் எப்படி ஓடும்"னு பாக்க வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க, அம்மாவும் அதை நம்பிகிட்டு மேல் விளிம்பை சுருட்டி விட்டுடறா. அதுதான் தப்பு. சுருட்டினா அந்த ஒரே இடத்துல ரெண்டு மடங்கு இறுக்கம், ரப்பர் பேண்டு போட்டு கட்டின மாதிரி ஆயிடும், அப்பத்தான் நெசமாவே ரத்தம் நிக்கும்.

நீ அனுப்பின கட்டுரையை கீழ் வீட்டு தம்பிய விட்டு படிக்க சொல்லி கேட்டேன். 2020ல இங்கிலாந்துல பண்ண ஆராய்ச்சி, ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டுக்கறவங்களுக்கு சாக்ஸ் கூட சேத்து போட்டு பெருசா லாபம் இல்லன்னு வந்துச்சு, சரிதானே? அது உண்மைன்னுதான் டாக்டரம்மாவும் சொன்னாங்க. ஆனா உங்கம்மாவுக்கு அந்த ஊசி ஆஸ்பத்திரியோட நிறுத்தியாச்சு. ஊசி இல்லாதப்ப இருக்கறது இந்த சாக்ஸும் நடையும்தான், நல்லா பழையபடி நடமாடற வரைக்கும் போடணும்னு அவங்க சொல்லிட்டாங்க. அந்த கட்டுரையை அம்மாவுக்கு பொருத்தி பாக்காத.

அவளால குனிஞ்சு போட முடியாது, குனிஞ்சா தையல் இழுக்கும், அதனால நான்தான் போட்டு விடறேன். காலைல அவ கட்டில்ல இருந்து காலை கீழ வைக்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும், அப்பத்தான் கால் வீங்காம இருக்கும். சாக்ஸுக்குள்ள கையை விட்டு குதிகால் பக்கத்தை பிடிச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிக்கணும், பாதத்தை நுழைச்சு குதிகால் சரியா அதோட இடத்துல உக்காந்துச்சான்னு பாத்துட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்தணும், மேல் நுனிய பிடிச்சு ஒரே இழுவையா இழுக்க கூடாது. கடைசியா உள்ளங்கையால தடவி ஒரு சுருக்கம் இல்லாம பண்ணணும். விரலுக்கு கிட்ட ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா விரல் நிறம் பாக்கறேன், நீலமாவோ வெளுத்தோ இருக்கானு. தினமும் கழட்டி கால் கழுவி நல்லா துடைச்சு, குதிகால்லயும் கணுக்கால் எலும்பு மேலயும் சிவப்போ கொப்புளமோ இருக்கான்னு வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் திரும்ப போடறேன்.

ரெண்டு ஜோடி வாங்கினது நல்லதா போச்சு, இந்த மஞ்சுல ஒண்ணு காயவே நாளாகுது. கணப்பு பக்கத்துல வச்சா சீக்கிரம் காயும்தான், ஆனா சூட்டுல எலாஸ்டிக் போயிடும், அப்புறம் அது வெறும் சாக்ஸ்தான். பிழியாம துண்டுல சுத்தி அமுக்கிட்டு நிழல்ல விரிச்சு போடறேன். மேல் வீட்டு அக்கா முடிஞ்சதும் எனக்கு குடுங்கன்னு கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். அவங்களுக்கு சுகர்ல பாதம் மரத்து போயிருக்கு, அந்த மாதிரி இருக்கறவங்க, கால் ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கறவங்க எல்லாம் டாக்டர் பாக்காம இதை தொடவே கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்குதா, கெண்டைக்கால் வலிக்குதா, சூடா சிவந்திருக்கான்னு தினம் ராத்திரி பாக்கறேன், அப்படி இருந்தா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிடுவேன். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம 108க்கு போன் பண்ணிடுவேன். சாக்ஸ் போட்டிருக்கோம் அதனால வராதுன்னு நான் சும்மா இருக்கல.

அங்கிருந்து நல்ல கம்பெனி சாக்ஸ் வாங்கிட்டு வரேன்னு சொன்னியாம், வேண்டாம்மா, கணுக்கால், கெண்டைக்கால், கால் நீளம் எல்லாம் டேப் வச்சு அளந்து வாங்கினாத்தான் சரியா இருக்கும். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப எப்ப நிறுத்தலாம்னு கேட்டு சொல்றேன். அதுவரைக்கும் நீ அவகிட்ட கழட்டுன்னு மட்டும் சொல்லாத. ஞாயித்துக்கிழமை வீடியோ கால் பண்றப்ப "அம்மா பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிகிட்டே பேசு"ன்னு சொல்லு. நான் சொன்னா முகத்தை திருப்பிக்கறா, நீ சொன்னா செய்வா.

அப்பா